பைன் காடு வருஷத்துக்கு எவ்ளோ வளருதுன்னு அளக்குறது எப்படி

கொடைக்கானல் மாதிரி நட்டு வளர்த்த பைன் காடுன்னா முதல்ல 20க்கு 20 மீட்டர் கயிறு கட்டுங்க, சரிவுல கயிறை தரையோட விடாம மட்டமா புடிக்கணும், இல்லன்னா பரப்பு குறைஞ்சுடும். ஒவ்வொரு மரத்தையும் மேட்டுப்பக்கம் நின்னு 1.37 மீட்டர் உயரத்துல டேப் சுத்தி, வர்ற சுற்றளவை 3.14ஆல வகுத்தா விட்டம். அங்கயே பெயின்ட் கோடு போட்டுடுங்க, நான் ஒரு தடவை போடாம விட்டு அடுத்த வருஷம் வேற உயரத்துல அளந்து பாத்தா மரம் இளைச்சுப் போயிருந்துச்சு!

விட்டம், உயரம் ரெண்டையும் அந்த இனத்துக்கான ஃபார்முலால போட்டா பயோமாஸ், அதாவது மரத்தோட காய்ஞ்ச எடை, எல்லாத்தையும் கூட்டி 25ஆல பெருக்குனா ஒரு ஹெக்டேருக்கு. அடுத்த வருஷம் அதே மாசம் அளந்து கழிச்சா வளர்ச்சி, நடுவுல செத்த மரத்தை தனியா எழுதுங்க. துளை போட்டு வளையம் எண்ணலாமேன்னா, நம்ம மலைல பொய் வளையமும், அதாவது ஒரே வருஷத்துல கூடுதலா ஒண்ணு, விழும், நம்பாதீங்க.