மெத்தை எத்தனை வருஷம் உழைக்கும்? வாங்கும் முன்பே கணக்குப் போடுவது எப்படி

வேலூரில் என் சித்தப்பா ஒரு சின்ன லாட்ஜ் நடத்துகிறார். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கும் இடம். அங்கே மெத்தைக்கு ஓய்வே கிடையாது. நம் வீட்டில் பத்து வருஷம் கழித்துத் தெரியும் குறை அங்கே மூணு வருஷத்தில் வெளியே வந்துவிடும். கழித்துப் போட்ட மெத்தைகளைக் கிழித்துப் பார்த்தே அவர் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்: மெத்தையின் ஆயுள் அதன் உயரத்திலோ பளபளப்பான மேல்துணியிலோ இல்லை, உள்ளே போட்ட சரக்கு எவ்வளவு கனம் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் பழைய மெத்தையைப் பாருங்கள்

விரிப்பை எடுத்துவிட்டு, கொத்தனார் நூல் ஒன்றைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். நூலுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து அளந்தால் பள்ளத்தின் ஆழம் தெரியும். இடுப்பு படும் இடத்தில் பள்ளம் என்றால் உள்ளே இருக்கும் நடு ஃபோம் மட்டரகம். கட்டிலுக்கு அடியில் பழுப்புத் தூள் கொட்டிக் கிடந்தால் காயர் (தேங்காய் நார்) மெத்தையின் நார் நொறுங்குகிறது. நாரைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் பால் சூட்டில் நாளாக ஆக இறுகி வெடித்துவிடும். நம் ஊர் வெயிலில், மேற்குச் சுவரை ஒட்டிய அறையில், இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கட்டில் பலகையையும் ஒரு பார்வை பாருங்கள். பலகை வளைந்திருந்தால் எந்த மெத்தை போட்டாலும் பள்ளம் விழும்.

டென்சிட்டியைக் கேளுங்கள், எடை போடுங்கள்

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். கடையில் "40 டென்சிட்டி" என்று வாயால் சொல்வார்கள். சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி, 10 செ.மீ. நீளம், அகலம், உயரம் வரும்படி வெட்டித் தராசில் வையுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுதான் டென்சிட்டி. 40 என்று சொன்ன துண்டு 28 கிராம் காட்டினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

துண்டு தரவில்லையா? முழு மெத்தையையே கணக்குப் போடலாம். 6 அடிக்கு 5 அடி, 6 இன்ச் உயரம் என்றால் 15 கன அடி, அதாவது சுமார் 0.425 கன மீட்டர். முழுவதும் 40 டென்சிட்டி ஃபோம் என்றால் உறை இல்லாமல் 17 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 13.6 கிலோ. தினமும் இரண்டு பெரியவர்கள் படுக்கும் கட்டிலுக்கு நடு ஃபோம் 40க்குக் குறையக் கூடாது என்பது என் கட்சி. விருந்தாளி வந்தால் மட்டும் விரிப்பதற்கு 32 போதும்.

இரண்டு இடத்தில் ஏமாறலாம். எடை கூட்டுவதற்காகச் சுண்ணாம்புப் பொடி கலந்த ஃபோமும் உண்டு. விரலால் கசக்கினால் வெள்ளையாக ஒட்டும், அமுக்கினால் சோம்பலாக எழும். இன்னொன்று, இந்தக் கணக்கு சாதா ஃபோமுக்குத்தான். துண்டு ஃபோமை ஒட்டிச் செய்யும் ரீபாண்டட், ரப்பர் பாலில் செய்யும் லேட்டக்ஸ், காயர் எல்லாம் இயல்பிலேயே கனம். ஒரே ரகத்துக்குள்தான் எடையை ஒப்பிட வேண்டும்.

அடுக்கு மெத்தை என்றால் ஒவ்வொரு அடுக்கும் என்ன, எத்தனை இன்ச் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மேலே ஒரு இன்ச் நல்ல சரக்கு, கீழே ஐந்து இன்ச் மட்டமான சரக்கு என்று வருவது சகஜம். உறையில் ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஸ்ப்ரிங் மெத்தைக்குக் கம்பியின் கேஜ் கேளுங்கள். எண் குறைந்தால் கம்பி தடிமன் அதிகம்.

படுத்துப் பாருங்கள், ஏசி இல்லாமல்

மெமரி ஃபோம், அதாவது உடம்பின் அச்சுக்கு அமுங்கி மெல்ல எழும் ஃபோம், குளிரில் இறுகும், சூட்டில் இளகும். ஏசி ஷோரூமில் கெட்டியாகத் தாங்கிய மெத்தை, அக்னி நட்சத்திரத்தில் வேலூர் சத்துவாச்சாரி மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் ஆளையே உள்ளே இழுக்கும். ஏசி எட்டாத இடத்தில் போட்டுக் காட்டச் சொல்லி, பதினைந்து நிமிஷமாவது படுங்கள். எழுந்ததும் உங்கள் அச்சு எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். செருப்பு மாட்ட உட்காரும் அந்த இடம்தான் பல வீடுகளில் முதலில் சரிகிறது.

வாரண்டி அட்டையைக் கடையிலேயே படியுங்கள்

பத்து வருஷ வாரண்டி என்றால் பத்து வருஷம் உழைக்கும் என்று அர்த்தமில்லை. முழு மாற்று எத்தனை வருஷம், அதற்குப் பிறகு நம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். எத்தனை இன்ச் பள்ளம் விழுந்தால் ஏற்பார்கள் என்பதையும் பாருங்கள். கறை பட்டால் பல கம்பெனிகள் வாரண்டியே கிடையாது என்று சொல்லிவிடும். அதனால் முதல் நாளே மேலுறை போட்டுவிடுங்கள்.

கடைசியாக, அடுக்கின் பெயர், டென்சிட்டி, உயரம் மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். வேலூர் லாங் பஜார் பக்கம் பஞ்சு மெத்தைக்கும் இடம் இருக்கிறது. இலவம்பஞ்சு கட்டி தட்டினால் பிரித்து அடித்து, கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்துத் திரும்பத் தைத்துக்கொள்ளலாம்.