முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர்: மருத்துவரிடம் போகுமுன்னும் வந்தபின்னும்

நான் மருத்துவர் இல்லை. கால்நடை மருத்துவமனையில் மருத்துவர் சோதிக்கும்போது மேசைமேல் பிராணியைப் பிடித்துக்கொள்பவள். நாய்க்கு வலித்தால் முனகும், பூனை சீறும். முயலும் கினிப்பன்றியும் சத்தமே போடாமல் சுருண்டு உட்கார்ந்திருக்கும். இரையாக வாழ்ந்து பழகிய இனங்கள் நோயை வெளியே காட்டிக்கொள்வதில்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லி வருபவர்கள் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது எடையையும் புழுக்கையையும்.

எடைக்கு சமையலறை டிஜிட்டல் தராசு போதும். மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிராணியை உள்ளே உட்காரவையுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடுத்துக் குறித்துவையுங்கள். ஒரு கிலோ இருந்த கினிப்பன்றி 900 கிராமுக்கு வந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அடர்ந்த ரோமத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, தூக்கினாலும் தெரியாது. 50 கிராம் குறையும்போதே உஷாராகிவிடுவது நல்லது.

புழுக்கை சிறுத்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, ரோமத்தில் கோத்துக்கொண்டு வந்தாலோ குடல் மெதுவாகிறது என்று அர்த்தம். இதைத் தவிர, பளபளப்பாக, கொத்துக் கொத்தாக மென்மையான ஒன்றையும் முயல் வெளியேற்றும். அதை நேராக வாய்வைத்துத் தின்றுவிடும். அது சத்துக்காகச் செய்வது, தடுக்காதீர்கள். தின்னாமல் கூண்டில் தினமும் கிடந்தால்தான் கேள்வி. தீனி உருண்டை அதிகமாகியிருக்கலாம், குனிய முடியாத அளவு கொழுத்திருக்கலாம், முதுகு வலிக்கலாம். முயலின் சிறுநீர் சில நாட்களில் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது பெரும்பாலும் தீனியின் நிறமிதான். முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் போனால் அல்லது நடுவில் ரத்தத் திட்டு தெரிந்தால் கொண்டுவாருங்கள். கினிப்பன்றிக்குச் சிவப்பு தெரிந்தாலே காட்டிவிடுங்கள்.

அவசரம் எது? முயலோ கினிப்பன்றியோ 12 மணி நேரமாக ஒன்றும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இவற்றின் குடல் நார்ச்சத்தைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வாயு சேரும், வாயுவால் வலிக்கும், வலியால் தின்னாது, தின்னாததால் குடல் இன்னும் நிற்கும். முயலின் சாதாரண உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். காது ஜில்லென்று, உடல் தளர்ந்து கிடந்தால், வெதுவெதுப்பான நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். வயிறு உப்பிக் கெட்டியாக இருந்தால் வாயில் எதையும் ஊட்ட வேண்டாம். உள்ளே அடைப்பு இருக்கலாம்.

பல் இன்னொரு பெரிய கதை. முயலுக்கும் கினிப்பன்றிக்கும் எல்லாப் பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்கின்றன. காய்ந்த புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் தேயும். தீனியில் பெரும்பங்கு அதுவாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். தாடை நனைந்திருப்பது, ஆசையாக வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவது, கவ்வியதைக் கீழே போடுவது எல்லாம் கடைவாய்ப் பல் கூராகி நாக்கையோ கன்னத்தையோ குத்துவதன் அறிகுறிகள். நகவெட்டியால் வீட்டிலேயே முன்பல்லை வெட்டாதீர்கள், பல் வேர்வரை பிளந்துவிடும்.

தூக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழே. காதைப் பிடிக்கவே கூடாது. பின்கால் அந்தரத்தில் இருக்கும்போது முயல் உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம். மல்லாக்கப் போட்டு "தூங்குது பாருங்க" என்று சிலர் காட்டுவார்கள். அது தூக்கம் இல்லை, பயத்தில் உறைந்துபோவது. பயணத்துக்குக் கெட்டியான பெட்டி, அடியில் துண்டு, கைப்பிடி புல், முடிந்தால் கூடவே வாழும் துணை. காத்திருக்கும் இடத்தில் நாய்கள் இருந்தால் பெட்டியைத் துணியால் மூடிவிடுங்கள். புழுக்கையைச் சிறு டப்பாவில் எடுத்துவாருங்கள். மூச்சுத் திணறலோ தலை சாய்தலோ வந்துபோனால் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வந்ததும் எல்லாம் ஒழுங்காக நடித்துவிடும்!

அறுவைச் சிகிச்சைக்கு முன் "ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்" என்று யாராவது சொன்னால், "முயலுக்குமா?" என்று திருப்பிக் கேளுங்கள். அது நாய் பூனைகளுக்கான பழக்கம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும். மருந்துச் சீட்டு வாங்கும்போதும் அப்படித்தான். அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை இந்தப் பிராணிகளின் வாய்வழியே போனால் குடலின் நல்ல கிருமிகள் செத்து, நச்சுக்கிருமி பெருகி, உயிரே போகலாம். வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தை இஷ்டத்துக்குக் கொடுக்காதீர்கள். உண்ணிக்காக நாய்மேல் விடும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு ஆகாது.

கினிப்பன்றிக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு: நம்மைப் போலவே அதன் உடலும் வைட்டமின் சி தயாரிக்காது. நலமான பெரிய பிராணிக்கு எடையில் கிலோவுக்குத் தினமும் 10 மில்லிகிராமாவது வேண்டும். குட்டிக்கும் சினைக்கும் நோயாளிக்கும் 30 வரை. தண்ணீரில் கலந்தால் சீக்கிரம் சிதைந்துவிடும், குடித்த அளவும் தெரியாது. குடைமிளகாய்த் துண்டோ, மருத்துவர் சொன்ன அளவு மாத்திரையோ நேராகக் கொடுப்பது மேல். நடக்க மறுத்து, தொட்டால் கத்தினால், முட்டி வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள், இந்த வைட்டமின் குறைந்திருக்கலாம்.

ஹாம்ஸ்டருக்கு இரண்டே விஷயம். வாலடி நனைந்து வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றைக்கே கொண்டுவர வேண்டும். குளிரில் விறைத்துக் கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள், குளிர் உறக்கமாக இருக்கலாம். கையணைப்பில் மெதுவாகச் சூடேற்றி, மீசை அசைகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், வீட்டில் ஊட்டச் சொல்லியிருந்தால்: 1 மில்லி ஊசியில்லாத சிரிஞ்சை முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் நுழைத்து, கொஞ்சம் விட்டு, மெல்லும்வரை நிறுத்தி, பிறகு அடுத்தது. பிராணி நாலு காலில் உட்கார்ந்திருக்க வேண்டும். மல்லாக்க வைத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.