பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: நிறுவாமலே ஓட்டிப் பார்ப்போம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நல்ல மடிக்கணினிகளைக்கூடப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பார்த்தால் மனசு கேட்பதில்லை. தூக்கிப் போடுமுன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸை அதில் ஓட்டிப் பாருங்கள்.

லினக்ஸில் பல வகை உண்டு. எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். உங்கள் கணினிக்கு எது ஒத்துவரும் என்பதை அந்தக் கணினியில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு விண்டோஸை அழிக்கத் தேவையில்லை.

1. தம்ப் டிரைவைத் தயார் செய்யுங்கள்

16 ஜிபி போதும், 32 இருந்தால் வசதி. வென்டாய் என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, விண்டோஸில் திறந்து, தம்ப் டிரைவைத் தேர்ந்தெடுத்து ‘இன்ஸ்டால்’ கொடுங்கள். தம்ப் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பிள்ளைகளின் பள்ளிப் படங்கள் ஏதாவது இருந்தால் முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.

2. ஐஎஸ்ஓ கோப்புகளைப் போடுங்கள்

ஒரு லினக்ஸ் முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கித் தருவதுதான் ஐஎஸ்ஓ. அந்தந்த லினக்ஸின் தளத்திலிருந்து அதை இறக்கிக்கொள்ளுங்கள். வென்டாயின் அருமையே இதுதான்: ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே நகலெடுத்துப் போட்டால் போதும், ஒரே தம்ப் டிரைவில் நாலைந்து லினக்ஸ் அடங்கும். 4 ஜிபி ராம் உள்ள கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, லுபுன்டு, எம்எக்ஸ் லினக்ஸ் மூன்றும் போதும். 2 ஜிபிதான் இருக்கிறது என்றால் ஆன்டிஎக்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல்முறை பார்ப்பவருக்கு நான் மின்ட்டைத்தான் சொல்வேன். விண்டோஸ் பழகிய கைக்கு அதில் திண்டாட்டமே இருக்காது.

3. தம்ப் டிரைவிலிருந்து தொடங்குங்கள்

கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்து, நிறுவனச் சின்னம் தெரிந்ததுமே விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவோ, டெல் என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசஸ் என்றால் எஸ்கேப். வரும் பட்டியலில் தம்ப் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயங்கும் கணினியில் முதல் தடவை ஒரு நீலத் திரை வரலாம். பதற வேண்டாம். ‘என்ரோல் கீ ஃபிரம் டிஸ்க்’ என்பதைத் தேர்ந்து, ‘VTOY’ என்று தொடங்கும் பெயருக்குள் போய், அங்கிருக்கும் சாவிக் கோப்பை ஏற்றுக்கொண்டால் சரி. அந்தக் கணினியில் மறுபடி கேட்காது. பிறகு வென்டாயின் பட்டியலில் நீங்கள் போட்ட லினக்ஸ்கள் தெரியும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

4. சோதித்துப் பாருங்கள்

திரையில் ‘இன்ஸ்டால்’ என்றொரு படம் இருக்கும். அதை இப்போது தொடாதீர்கள். தொடாதவரை வன்தட்டில் இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது.

முதலில் வைஃபை. அம்மாவின் பழைய கணினியில் மின்ட் அழகாகத் திறந்தது, ஆனால் வைஃபை பட்டியல் காலி. கைத்தொலைபேசியைக் கேபிளில் செருகி, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் ‘யுஎஸ்பி டெதரிங்’ போட்டு, மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தேன். வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர். தேவையான டிரைவரை அதுவே காட்டியது. ஒரு சொடுக்கு, இரண்டு நிமிடம், எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் வந்துவிட்டது.

அப்புறம் ஒலி, கேமரா, தொடுபலகை. மூடியைச் சாத்தித் திறந்து, தூங்கி விழிக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கணினிகள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தமிழை விட்டுவிடாதீர்கள். விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட்99 இருக்கும். சேர்த்து, ‘வணக்கம்’ என்று தட்டிப் பாருங்கள். தமிழ் இணைய மாநாடுகளின் வரிசை 1997-இல் நம் சிங்கப்பூரில் தொடங்கி, 1999-இல் சென்னையில் நடந்தபோது உருவான விசை அமைப்பு அது. லினக்ஸில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

வேகத்தை மட்டும் இப்போது எடைபோடாதீர்கள். தம்ப் டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாமே மந்தமாகத்தான் திறக்கும். நீல நிற யுஎஸ்பி துளை இருந்தால் அதில் செருகுங்கள், கொஞ்சம் தேவலை. அதைவிட, சிஸ்டம் மானிட்டரைத் திறந்து ராம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். பிரவுசரில் நீங்கள் வழக்கமாகத் திறக்கும் பக்கங்களைத் திறந்தபின்னும் மிச்சம் இருந்தால் அந்த லினக்ஸ் உங்களுக்குச் சரிப்படும்.

அணைத்ததும் லினக்ஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் எதில் எது வேலை செய்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்ததைத் திறங்கள்.