வாடகை இடத்தில் தீப்பிடித்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் என் ஜூனியர் ஒரு கடைக் குத்தகை ஒப்பந்தத்தைச் சரிபார்த்துக் கொண்டுவந்தார். வயரிங், தீயணைப்பான், வெளியேறும் வழி எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதியிருந்தார். அவற்றை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தொழிலுக்கு வந்த புதிதில் நான் எதைக் கோட்டை விட்டேனோ, அதையே அவரும் விட்டிருந்தார்.

கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று இருந்துவிடுவது

அப்போது என் கட்சிக்காரர் ஒருவர் குஷன் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். 'கட்டடத்துக்கு உரிமையாளர் தீக்காப்பீடு எடுப்பார்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. படித்தேன், பக்கத்தைப் புரட்டினேன்.

ஒரு மாலை ஊழியர் ஒருவர் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வெளியே போனார். ஃபோம் பற்றிக்கொண்டது. யாருக்கும் காயமில்லை, கூரை போனது. காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்குப் பணம் கொடுத்தது. விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். ஏழு மாதம் கழித்து, அவ்வளவு தொகையையும் கேட்டு என் கட்சிக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ். உரிமையாளர் பெயரில்தான் வந்திருந்தது. அவரைக் கேட்டால், "நான் யார் மேலும் கேஸ் போடலையே" என்றார். அவர் சொன்னது உண்மை. அவர் பெயரில் வந்தது காப்பீட்டு நிறுவனம்.

இதற்கு சப்ரோகேஷன் என்று பெயர். நஷ்டத்தைக் கொடுத்த நிறுவனம், நஷ்டம் அடைந்தவரின் இடத்தில் நின்று, தீக்குக் காரணமானவரிடம் அதை வசூலிக்கலாம். அன்று பாலிசியை வாங்கிப் பார்த்தேன். காப்பீடு பெறுபவர் என்ற இடத்தில் உரிமையாளர் பெயர் மட்டும். குத்தகைக்கு முன்பே நான் பார்த்திருக்க வேண்டிய தாள் அது. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

குத்தகைதாரரைக் காப்பாற்றிய தீர்ப்புகள் இருக்கின்றன. பிரீமியத்தில் பங்கு கட்டிய குத்தகைதாரரிடம் திருப்பிக் கேட்க முடியாது என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985-இல் சொன்னது. ஒக்லஹோமாவில் 1975-இல் வந்த தீர்ப்பு, வாடகைதாரரையும் காப்பீடு பெற்றவராகவே பார்த்தது. ஆனால் அமெரிக்காவிலேயே சில மாநிலங்கள் அதை ஏற்கவில்லை. தீர்ப்பை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாலிசியில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். முடியாதென்றால், குத்தகைதாரர் மேல் வசூலுக்கு வரமாட்டோம் என்று நிறுவனம் எழுதிய இணைப்பைப் பாலிசியிலேயே பாருங்கள். இரண்டும் தீக்கு முன்பே நடக்க வேண்டும். தீக்குப் பிறகு உங்களிடம் வசூலிக்கும் உரிமையை உரிமையாளர் தானாக விட்டுக்கொடுத்தால் அவருடைய க்ளெய்மே சிக்கலாகும். அப்புறம், உங்கள் சரக்குக்கான பாலிசி கட்டடச் சேதத்துக்கு உதவாது. அதற்குப் பொறுப்புக் காப்பீடு (பிறருக்கு நீங்கள் தரவேண்டிய நஷ்டஈட்டுக்கானது) தனியாக வேண்டும்.

'தீ நீங்கலாக' என்பதைத் தேடாதது

ஒப்பந்தத்தில் 'தீயால் வந்த சேதம் நீங்கலாக' என்ற சொற்கள் இல்லாமல், 'வாங்கிய நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும்' என்று மட்டும் இருந்தால், தவறு உங்களுடையதா இல்லையா என்ற கேள்வியே எழாமல் போகலாம். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1733-ஆம் பிரிவு குத்தகைதாரரே பொறுப்பு என்றுதான் தொடங்குகிறது. தற்செயல், கட்டடக் குறை, பக்கத்து வீட்டிலிருந்து பரவிய தீ என்பதையெல்லாம் அவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்தியாவின் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், இடம் தீயில் அழிந்தால் குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமையைக் குத்தகைதாரருக்குத் தருகிறது. தீ அவர் தவறால் வந்திருந்தால் அந்த உரிமை கிடையாது.

வாடகை தானாக நின்றுவிடும் என்பது

எழுதி வாங்காவிட்டால் பல இடங்களில் நிற்காது.

ஊழியரைக் கைகாட்டித் தப்பிக்கப் பார்ப்பது

பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்த டேங்கர் ஓட்டுநர் சிகரெட் பற்றவைத்துத் தீக்குச்சியைக் கீழே போட்ட வழக்கில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1942-இலேயே முதலாளிதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. வேலை நேரத்துக் கவனக்குறைவு முதலாளியைத்தான் வந்து சேரும்.

அன்றிரவே எழுதிக் கொடுப்பது

இது ஊழியர்களுக்கு. புகை வாடை போகும் முன்பே 'என் தவறுதான், நஷ்டத்தை ஏற்கிறேன்' என்று கையெழுத்துப் போடாதீர்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஊழியரிடம் திரும்ப வசூலிக்கச் சட்டத்தில் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1957-இல் அதே பிரபுக்கள் சபை, வாகன விபத்து ஒன்றில், அதை அனுமதித்திருக்கிறது.

கருகியதை அள்ளிக் கொட்டுவது

காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்த்துப் படம் எடுக்கும் வரை ஒரு பிளக்கைக்கூட நகர்த்தாதீர்கள்.