குரு, சட்ட அறிஞர், கட்சித் தலைவர்: லூட்விக் காஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் முறை

கத்தோலிக்கக் குருவாகவும் திருச்சபைச் சட்டப் பேராசிரியராகவும் ஜெர்மனியில் கத்தோலிக்கர்களின் கட்சியாக விளங்கிய மையக் கட்சியின் தலைவராகவும் இருந்த லூட்விக் காஸைப் பற்றிக் கட்டுரை எழுத முனைவோர், பெரும்பாலும் அம்மூன்று பணிகளையும் மூன்று தனிப் பகுதிகளாகப் பிரித்துவிடுகின்றனர். அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் ஒழுங்காக அமையும். ஆனால் அவர் செய்தவற்றுக்கான காரணம் எதிலும் இராது. ஆகவே ஒரே காலவரிசையில் எழுதுங்கள். அந்த வரிசைக்கு முதுகெலும்பாகச் சட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இளமைப் பருவத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1881 மே 23 அன்று ட்ரியர் நகரில் பிறந்தார், 1906-இல் ரோமில் குருப்பட்டம் பெற்றார், 1918 முதல் ட்ரியர் குருமடத்தில் திருச்சபைச் சட்டம் கற்பித்தார் என்பன போதும். ஆனால் ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமாக இருந்த பிரஷ்யாவில் திருச்சபை நீதிமன்றங்களின் அதிகாரம் குறித்து அவர் ஆராய்ந்து நூல் எழுதியதை விட்டுவிடாதீர்கள். அரசின் அதிகாரம் எங்கே முடிகிறது, திருச்சபையின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்ற அந்தக் கேள்வியே பிற்காலத்தில் அவரைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுசென்றது.

அடுத்ததாக, ஒரு குரு தேர்தலில் நிற்கலாமா என்று வாசகர் கேட்பார். இதற்கான விடையைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே தாருங்கள். 1917-இல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 139-ஆம் பிரிவு, குருக்கள் சட்டமன்ற உறுப்பினர் பதவியை நாடுவதை முற்றாகத் தடை செய்யவில்லை. திருத்தந்தையின் தடை உள்ள இடங்களில் ரோமிலுள்ள திருச்சபைத் தலைமையான திருப்பீடத்தின் அனுமதியும், மற்ற இடங்களில் குருவின் சொந்த ஆயர், தேர்தல் நடக்கும் இடத்து ஆயர் ஆகிய இருவரின் அனுமதியும் வேண்டும் என்றே சொல்லியது. இன்றைய சட்டத்தின் கண்ணாடியை அணிந்துகொண்டு 1919-ஆம் ஆண்டைப் பார்த்தால், ஜெர்மனியின் புதிய அரசியலமைப்பை வகுத்த வைமார் தேசிய மன்றத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதை விதிமீறல் என்று தவறாக எழுதிவிட நேரும். அடுத்த ஆண்டே ரைக்ஸ்டாக் எனப்படும் நாடாளுமன்றத்தில் நுழைந்த அவர், 1933 வரை அதன் உறுப்பினராக இருந்தார்.

அவருடைய நாடாளுமன்ற உரைகளைவிட, திருத்தந்தையின் தூதராக ஜெர்மனியில் பணியாற்றிய யூஜேனியோ பச்செல்லிக்கு அவர் சட்ட ஆலோசகராக இருந்ததே முக்கியமானது என்பது என் கருத்து. 1929-இல் திருப்பீடம் பிரஷ்யாவுடன் செய்த உடன்படிக்கையில் அவருடைய உழைப்பு இருக்கிறது. அதற்குச் சற்று முன்பு, 1928 டிசம்பரில், அவர் மையக் கட்சியின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்கட்சிக்குத் தலைமையேற்ற முதல் குரு அவரே. தொழிற்சங்கத் தலைவரான ஆடம் ஷ்டேகர்வால்டைப் பின்தள்ளி ஒரு குருவைக் கட்சி ஏன் தேர்ந்தது என்பதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். தொழிலாளர், நிலவுடைமையாளர், அலுவலர் எனப் பிளவுபட்டிருந்த கட்சியில் எப்பிரிவையும் சாராதவராக ஒரு குருவையே காட்ட முடிந்தது.

1933-க்கு வந்ததும் நடையை மாற்றுங்கள். அதுவரை ஆண்டுகளைச் சொன்ன நீங்கள் இனி நாட்களைச் சொல்ல வேண்டும். மார்ச் 23 அன்று ஹிட்லருக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தை அளித்த மசோதா 444-க்கு 94 என்ற வாக்குகளில் நிறைவேறியது. முன்னாள் பிரதமர் ஹைன்ரிக் ப்ரூனிங் முதலானோர் கட்சிக்குள் எதிர்த்தபோதும், காஸ் ஆதரித்து வாதிட்டார். இறுதியில் கட்சி ஒன்றாக ஆதரவு வாக்களித்தது. ஹிட்லர் தருவதாகச் சொன்ன எழுத்துவழி உறுதிமொழி வந்து சேரவேயில்லை. மறுநாள் ரோமுக்குப் புறப்பட்ட காஸ், மாத இறுதியில் திரும்பி, ஏப்ரல் 2 அன்று ஹிட்லரைச் சந்தித்து, 7-ஆம் தேதி மீண்டும் ரோமுக்குக் கிளம்பினார். அதன்பின் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. மே மாதத் தொடக்கத்தில் கட்சித் தலைமையைத் துறந்தார். ஜூலை 5 அன்று கட்சி கலைந்தது; ஜூலை 20 அன்று திருப்பீடத்துக்கும் ஜெர்மன் அரசுக்கும் இடையே உடன்படிக்கை கையெழுத்தானது.

இத்தேதிகளை அடுக்கிவிட்டு, உடன்படிக்கைக்காகவே வாக்கு விற்கப்பட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாக்கெடுப்புக்கும் உடன்படிக்கைக்கும் தொடர்பு இருந்தது என்று வரலாற்றறிஞர் கிளவுஸ் ஷோல்டர் வாதிட, கொன்ராட் ரெப்கென் அதை மறுத்தார். இருவர் வாதத்தையும் சம இடத்தில் வையுங்கள். ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று உண்டு. காஸும் சேர்ந்து வரைந்த அந்த உடன்படிக்கையின் 32-ஆம் பிரிவு, குருக்கள் அரசியல் கட்சிகளில் உறுப்பினராவதையும் அவற்றுக்காகப் பணியாற்றுவதையும் விலக்குவதற்கு வழிசெய்தது. அவர் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்த வாழ்க்கையை வேறொரு ஜெர்மன் குரு இனி வாழ முடியாதபடி அவருடைய சட்ட அறிவே செய்தது. கட்டுரையின் மையம் இதுதான்; இதற்கு விளக்கவுரை சேர்க்காமல் பிரிவின் பொருளை மட்டும் எழுதினாலே போதும்.

ரோம் ஆண்டுகளைப் பின்னிணைப்புப் போல் நடத்தக் கூடாது. 1939-இல் பச்செல்லி பன்னிரண்டாம் பயஸ் என்ற பெயரில் திருத்தந்தையானபின், புனித பேதுரு பேராலயத்தின் அடியில் நடந்த அகழாய்வை மேற்பார்வையிடும் பொறுப்பு காஸிடம் இருந்தது. அவர் தொல்லியலாளர் அல்லர் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். அங்கே கிடைத்த எலும்புகளை அகழாய்வாளர்களுக்குத் தெரியாமல் அவர் எடுத்து வைத்தது பின்னர் பெரும் குழப்பத்துக்கு இடமளித்தது. அவ்வெலும்புகள் பேதுருவினுடையவை என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் அறிவித்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஏனெனில் காஸ் 1952 ஏப்ரல் 15 அன்றே ரோமில் இறந்துவிட்டார்.