வானியல் நடைபாதைக்கு டிசைன் பண்ணப் போறீங்களா? லோகோவுல ஆரம்பிக்காதீங்க

வானியல் நடைபாதைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு முதல்ல ஒரு வார்த்தை. திறந்தவெளில சூரியன்ல ஆரம்பிச்சு நெப்டியூன் வரைக்கும் நிஜ தூரத்தை அப்படியே சுருக்கி, வழி நெடுக போர்டு வச்சு, ஆளுங்களை நடக்க விடுறது, அவ்ளோதான். அமெரிக்காவுல இத்தாக்கா ஊர்ல கார்ல் சேகன்ங்கற வானியல் விஞ்ஞானி நினைவா 1997ல வச்சது 500 கோடில ஒரு பங்கு ஸ்கேல், வாஷிங்டன்ல இருக்கறது 1000 கோடில ஒரு பங்கு. ஸ்வீடன்காரங்க நாடு முழுக்க 2 கோடில ஒரு பங்குன்னு பரப்பி வச்சிருக்காங்க, ஸ்டாக்ஹோம்ல இருக்கற பெரிய உருண்டை அரங்கம்தான் அதுக்கு சூரியன்!

இந்த மாதிரி ஒண்ணுக்கு விஷுவல் ஐடென்டிட்டி (லோகோ, கலர், ஃபான்ட், போர்டு எல்லாம் சேர்ந்த தோற்றம்) பண்ணுங்கன்னு சொன்னா எல்லாரும் செய்யற முதல் வேலை, லேப்டாப்பை திறந்து ஒரு டெலஸ்கோப், ஒரு நட்சத்திரம், வளையம் போட்ட சனி, கருநீல பேக்ரவுண்ட். நானும் அதைத்தான் பண்ணேன். அதுல தப்பு என்னன்னா அந்த லோகோவை எடுத்து ஒரு டியூஷன் சென்டருக்கோ பேட்டரி கம்பெனிக்கோ ஒட்டினாலும் பொருந்தும்.

ஸ்டெப் 1: ஸ்கேலை கையில வாங்குங்க

டிசைன் பேசறதுக்கு முன்னாடி பாதை எவ்ளோ நீளம்னு கேளுங்க. 100 கோடில ஒரு பங்குன்னா சூரியன் 1.4 மீட்டர் உருண்டை, பூமி 1.3 சென்டிமீட்டர், அதாவது ஒரு கோலிக்குண்டு, சூரியன்ல இருந்து 150 மீட்டர் தள்ளி. நெப்டியூன் நாலரை கிலோமீட்டர் தள்ளி. 1000 கோடில ஒரு பங்குன்னா எல்லாமே பத்துல ஒண்ணா குறையும், நெப்டியூன் 450 மீட்டர்லயே வந்துரும், ஆனா பூமி 1.3 மில்லிமீட்டர் ஆயிடும், அதை கையால தொட்டு பாக்கற மாதிரி வைக்க முடியாது, கண்ணாடிக்குள்ளதான் வைக்கணும். போர்டோட வடிவமே இதை வச்சு மாறும், அதனாலதான் இது முதல்ல.

ஸ்டெப் 2: ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்கேல் எடுங்க (நிஜ ஸ்கேல், பென்சில் பாக்ஸ்ல இருக்கற ஸ்கேல்)

ஒரு பேப்பர்ல கோடு போட்டு, சூரியனை ஜீரோல, பூமியை 1 சென்டிமீட்டர்ல வைங்க. இப்போ புதன் 4 மில்லிமீட்டர்ல, வெள்ளி 7 மில்லிமீட்டர்ல, செவ்வாய் ஒன்றரை சென்டிமீட்டர்ல. வியாழன் 5.2, சனி 9.5, யுரேனஸ் 19.2. நெப்டியூன் 30.1, ஸ்கேல் முடிஞ்சு ஒரு முடி அளவு வெளில போய் விழும்.

வரைஞ்சதை கொஞ்சம் தள்ளி வச்சு பாருங்க. நாலு புள்ளி ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்குது, அப்புறம் ஒண்ணு, இன்னொண்ணு, அதுக்கப்புறம் வெறும் வெத்து. இதுதாங்க உங்க லோகோ. வேற எதுவும் வரைய வேண்டாம், வேற யாருக்கும் இது பொருந்தவும் செய்யாது. இதையே ஒவ்வொரு போர்டோட மேல் ஓரத்துலயும் ஒரு பட்டையா ஓட விட்டு, எந்த கிரகத்துக்கிட்ட நிக்கறோமோ அந்த புள்ளியை மட்டும் பெருசாக்கிட்டா, நீங்க எங்க இருக்கீங்கன்னு காட்டற மேப்பும் அதுவே ஆயிடும். பேட்ஜ், ஸ்டாம்ப் மாதிரி சின்ன சைஸ்ல அந்த நாலு புள்ளியும் கலந்து அழுக்கு மாதிரி தெரியும், அதுக்கு மட்டும் நாலு புள்ளி, ஒரு இடைவெளி, ஒரு புள்ளின்னு ஒரு குட்டி வெர்ஷன் தனியா வச்சுக்கோங்க.

ஸ்டெப் 3: சிவப்பு டார்ச் டெஸ்ட்

இதுதான் நான் அடி வாங்கின இடம், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

நம்ம கண்ணு இருட்டுக்கு முழுசா பழக 20, 30 நிமிஷம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை அடிச்சா மறுபடி முதல்ல இருந்து. இருட்டுல பாக்க உதவற செல்கள் அடர் சிவப்பை அவ்வளவா கண்டுக்காது, அதனாலதான் வானம் பாக்க வர்றவங்க மங்கலான சிவப்பு டார்ச் வச்சிருப்பாங்க. நான் செவ்வாய் போர்டுக்கு வெள்ளை பேக்ரவுண்ட்ல சிவப்புல தலைப்பு, சிவப்புல அம்புக்குறி, பகல்ல பாத்தா பிரமாதம். ராத்திரி கொண்டு போய் சிவப்பு டார்ச் அடிச்சா போர்டுல ஒண்ணுமே இல்ல. நிஜமாவே ஒண்ணுமே இல்ல, பிரின்டர்தான் தலைப்பை விட்டுட்டாரோன்னு தடவி பாத்தேன். காரணம் ரொம்ப சிம்பிள், சிவப்பு வெளிச்சத்தை வெள்ளையும் திருப்பி அனுப்பும், சிவப்பு மையும் திருப்பி அனுப்பும், ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். கறுப்பு மேல நீலம் வச்சாலும் இதே கதி, அங்க ரெண்டுமே கறுப்பு.

இதுல இன்னொரு கூத்து, அந்தி நேரத்துல நம்ம கண்ணுக்கு சிவப்பு சீக்கிரம் இருண்டு போகும், நீலமும் பச்சையும் கொஞ்சம் தூக்கலா தெரியும். ஆக சிவப்பு பகல்ல பளிச்னு இருக்கும், சாயங்காலம் கறுத்துடும், ராத்திரி டார்ச்ல மறைஞ்சே போயிடும், மூணு வேளைக்கு மூணு வேஷம். அதனால படிக்க வேண்டிய எதையும் சிவப்புல வைக்காதீங்க, அலங்காரத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க.

டெஸ்ட் பண்றது ஈஸி. போன் டார்ச் மேல சிவப்பு செலோஃபேன் பேப்பரை ரெண்டு மூணு மடிப்பா ஒட்டி, ஏ4ல பிரின்ட் எடுத்த டிசைனை இருட்டு ரூம்ல பாருங்க. போட்டோவை பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்தி பாத்தா போதும்னு சிலர் சொல்வாங்க, போதாது, அதுல சிவப்பு நல்ல கருமையா வந்து உங்களை ஏமாத்தும். நான் கடைசில வந்து நின்னது அடர் சாம்பல் பேக்ரவுண்ட், அது மேல கிரீம் கலர் எழுத்து, மேட் ஃபினிஷ். வெள்ளை போர்டு ராத்திரில டார்ச் வெளிச்சத்தை அப்படியே மூஞ்சில அடிக்கும், இது அடிக்காது. பகல்ல தூசி கொஞ்சம் தெரியத்தான் செய்யும், பரவால்ல.

ஸ்டெப் 4: கிரக கலர்

ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு கலர் குடுக்க ஆசையா இருக்கும், குடுங்க, ஆனா நெப்டியூனுக்கு அந்த ஆழ்ந்த நீலம் வேண்டாம். 1989ல வாயேஜர் 2 விண்கலம் அனுப்பின படங்களை விவரம் தெரியறதுக்காக கான்ட்ராஸ்ட் ஏத்தி வெளியிட்டாங்க, அது அப்படியே மனசுல தங்கிடுச்சு. 2024ல ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் மறுபடி கணக்கு போட்டு பாத்ததுல யுரேனஸும் நெப்டியூனும் கிட்டத்தட்ட ஒரே வெளிர் பச்சை நீலம்தான்னு வந்துச்சு. பக்கத்து பக்கத்துல ஒரே மாதிரி கலர் வருதேன்னு கவலைப்படாதீங்க, கலரை வச்சு கிரகத்தை கண்டுபிடிக்க வேண்டிய நிலையே வரக்கூடாது, சிவப்பு பச்சை பிரிச்சு பாக்க முடியாதவங்களும் நடக்க வருவாங்க. பேரும் புள்ளியோட இடமும்தான் அடையாளம்.

ஸ்டெப் 5: ஃபான்ட்

நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் ரெண்டுமே இலவசம், ரெண்டுலயும் பல வெயிட் (எழுத்தோட தடிமன்) கிடைக்கும். ஒல்லியான வெயிட் எடுக்காதீங்க, சாயங்காலம் ண, ன சுழியெல்லாம் கரைஞ்சு எது எதுன்னு தெரியாது. ரொம்ப போல்டும் வேண்டாம், இருண்ட பேக்ரவுண்ட்ல வெளிர் எழுத்து கொஞ்சம் பரவி தெரியும், சுழி அடைச்சுக்கும். மீடியம் வெயிட், வரிக்கு நடுவுல தாராளமா இடம். படிக்கற தூரத்துல ஒவ்வொரு மீட்டருக்கும் 5 மில்லிமீட்டர் எழுத்து உயரம்னு ஒரு கணக்கு வச்சுக்கோங்க, நம்ம எழுத்துக்கு அதைவிட கொஞ்சம் கூடவே.

ஸ்டெப் 6: வெத்து இடத்தையும் டிசைன் பண்ணுங்க

100 கோடி ஸ்கேல்ல சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 1.4 கிலோமீட்டர் எதுவுமே இல்ல. நடக்கறவங்க வழி தப்பிட்டோம்னு நினைச்சு திரும்பிடுவாங்க. அதுக்காக அங்க தகவல் போர்டு வச்சு ரொப்பாதீங்க, அந்த வெறுமைதான் பாடமே. முழங்கால் உயரத்துல சின்ன கம்பம், அதுல அதே பட்டை, எழுத்து ஒண்ணும் இல்லாம. ஒரே ஒரு கம்பத்துல மட்டும் நான் ஒரு வரி சேர்த்தேன்: இந்த ஸ்கேல்ல வெளிச்சம் ஒரு செகண்டுக்கு 30 சென்டிமீட்டர்தான் போகும், நீங்க அதைவிட வேகமா நடந்துட்டு இருக்கீங்க. பசங்க அந்த இடத்துல வேணும்னே வெளிச்சத்தோட ஸ்பீட்ல ஆமை மாதிரி நடந்து பாக்கறாங்க.

க்யூஆர் கோடு ஆரம்ப போர்டுல மட்டும் போதும், நடுவழில வச்சா எல்லாரும் போனை திறந்து பக்கத்துல நிக்கறவங்க கண்ணையும் சேர்த்து கெடுப்பாங்க. லைட் வச்சே ஆகணும்னு கமிட்டில யாராச்சும் அடம் பிடிச்சா கீழ பாத்த மாதிரி, மூடி போட்டு, மஞ்சள் கலந்த மங்கலான லைட், ஆள் இல்லாதப்ப அணையற மாதிரி கேளுங்க.

ஸ்டெப் 7: அட்டைல ஒட்டி நடந்து பாருங்க

ஃபைனல் பிரின்டுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி எல்லா போர்டையும் நிஜ சைஸ்ல சாதா பேப்பர்ல எடுத்து அட்டைல ஒட்டி, பாதைல நிக்க வச்சு, ஒரு தடவை பகல்ல, ஒரு தடவை இருட்டினப்புறம் நடங்க. வீல்சேர்ல உக்காந்து பாத்தா போர்டு மேல் வரி தெரியுதான்னு உக்காந்தே பாருங்க. அப்புறம் முக்கியமா, நெப்டியூன் வரைக்கும் போயிட்டு திரும்பி வாங்க. நான் திரும்பி வர்றப்பதான் கவனிச்சேன், போர்டு எல்லாமே எனக்கு முதுகை காட்டிட்டு நிக்குது, அம்புக்குறி எல்லாம் ஒரே திசைல. நாலரை கிலோமீட்டர் போனவங்க அத்தனை பேரும் அதே வழியாத்தான் திரும்புவாங்கங்கறது எனக்கு தோணவே இல்ல. இப்போ எல்லா போர்டுக்கும் பின்பக்கம் உண்டு, அதே பட்டை, அதே புள்ளி, கூட சூரியனுக்கு இன்னும் எத்தனை மீட்டர்னு ஒரு நம்பர்.