சீலிங்கில் எலி ஓடுகிறதா?

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் எலி ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை, முழு ஒழுங்கைக்கும் பொது. அதனால் பொறியைத் தேடுவதற்கு முன்னம் ஓட்டையைத் தேடுங்கள். குசினி சிங்க்கின் கீழே குழாய் சுவருக்குள் போகும் இடம், ஏசி பைப் நுழையும் துளை, கூரை ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி. இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் எலிக்குத் தாராளம். பஞ்சோ பிளாஸ்டிக்கோ வைத்து அடைத்தால் ஒரே இரவில் கடித்துவிடும், பாத்திரம் தேய்க்கிற கம்பிச்சுருளைத் திணித்து மேலே சீமெந்து பூசுங்கள்.

அப்புறம் பொறி. நடு அறையில் வைத்துவிட்டு எலி வரவில்லை என்று புலம்பாதீர்கள், அது சுவரோரமாகத்தான் ஓடும், அங்கேதான் வைக்க வேண்டும். புதுப் பொருளைக் கண்டால் எலிக்குச் சந்தேகம், ஆகவே இரண்டு மூன்று நாள் பொறியின் கம்பியை இழுத்து மாட்டாமல் சும்மா தீனி மட்டும் வையுங்கள். எங்கள் வீட்டில் சுட்ட கருவாட்டுத் துண்டுதான் வேலை செய்தது, அதையும் நூலால் கட்டியபிறகுதான்.

மருந்து வைக்க எனக்கு விருப்பமில்லை. தின்றுவிட்டுச் சீலிங்குக்குள் செத்தால் நாற்றத்தில் ஒரு கிழமை வீட்டில் இருக்க முடியாது, பூனைக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். கையுறை போட்டு, பிளீச் கலந்த தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். மழைக்கு வடிகான் நிரம்பி வழிந்தால் காலில் புண்ணோடு அதில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.